கிளினிக்குக்கு முந்திய இரவு

நீரிழிவு நோயோடு வாழ்வோரின் நாட்காட்டியில் இருவகை நாட்களே உண்டு. ஒன்று கிளினிக் நாள். மற்றது கிளினிக் அல்லாத நாள். கிளினிக் அல்லாத நாட்களில் நாம் ஆசிரியராகவும் கமக்காரராகவும், தோட்டத் தொழிலாளியாகவும் கடை முதலாளியாகவும், பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பும் பாட்டியாகவும் வாழ்கின்றோம். கிளினிக் நாளன்று மாத்திரம் எல்லோரும் ஓர் இலக்கத் துண்டைக் கையிற் பிடித்தவாறு, ஒரே வாங்கில் நெருங்கியமர்ந்து, ஒரே கதவை நோக்கியிருக்கின்றோம். அந்த வாங்கிலே உத்தியோகப் பெருமை இல்லை. செல்வச் செருக்கும் இல்லை. முதல் நாளிரவு எத்தனை அகப்பை சோறு உண்டோம் என்பதே எல்லோரது கவலையுமாகும்.

நாம் இந்நோயோடு உறவு பூண்டு 17 ஆண்டுகள் கழிந்துவிட்டன. இக்காலத்திலே பல வைத்தியரைக் கண்டோம். பல வாங்குகளிற் காத்திருந்தோம். அந்த அனுபவத்திலிருந்து சிறு கணக்கொன்றை வாசகர் முன் வைக்க விரும்புகின்றோம். ஒரு கிளினிக்குக்கும் அடுத்த கிளினிக்குக்கும் இடையே மூன்று மாதம் எனக் கொள்வோம். அஃதாவது 90 நாள், 2,160 மணித்தியாலம். சனம் நிறைந்த கிளினிக்கிலே வைத்தியர் முன் நமக்குக் கிடைப்பதோ ஐந்து நிமிடம். சில நாட்களில் அதுவுமில்லை. இதற்காக வைத்தியரை நோவதிற் பயனில்லை. நமக்குப் பின்னால் இன்னும் நாற்பது பேர் காத்திருக்கின்றனர். 2,160 மணித்தியால வாழ்க்கையில் நடந்ததை அந்த ஐந்து நிமிடத்துள் எடுத்துரைக்க வேண்டிய பொறுப்பு நம்முடையது. அந்தப் பொறுப்பை நிறைவேற்றுவதற்கு நம்மிற் பெரும்பாலோர் எவ்வாறு ஆயத்தமாகின்றனர் என்பதைச் சற்றுப் பார்ப்போம்.

நம் அயலிலே ஓய்வுபெற்ற தபாலதிபர் ஒருவர் இருக்கின்றார். கிளினிக்குக்கு மூன்று நாள் இருக்கும்போதே அவர் துறவு பூண்டுவிடுவார். தேநீரிற் சீனி இல்லை. இரவிலே குரக்கன் பிட்டும் பாவற்காய்க் கறியும். காலையிலும் மாலையிலும் ஒழுங்கையின் நீளத்தை அளப்பது போன்ற நடை. கிளினிக் முடிந்து திரும்பும் வழியிலோ, சந்திக் கடையில் இரண்டு மோதகமும் சீனி போட்ட பால் தேநீரும் அவருடைய துறவுக்குச் சுபமுடிவு கூறும். “ஐயா, இது எதற்காக?” என்று ஒருநாள் வினவினோம். அவர் சிறிதும் தயங்காது கூறிய மறுமொழி இது: “அந்த டொக்டர் பிள்ளை எவ்வளவு சனத்தைப் பாக்குது, தம்பி. அதுக்கு நான் வேறை ஏன் மனவருத்தம் குடுப்பான்?”

தபாலதிபரின் நல்ல மனத்தை நாம் ஐயுறவில்லை. ஆயினும் அவருடைய தவம் ஏமாற்றுவது வைத்தியரை மாத்திரமன்று, அவருடைய சிகிச்சையையுமாகும். வெறுவயிற்றில் எடுக்கும் இரத்தப் பரிசோதனை அன்று காலையில் இருந்த சீனியின் அளவையே கூறும். அதை மூன்று நாட் பத்தியத்தாற் குறைத்துவிடலாம். எச்.பி.ஏ.1சி. என்னும் பரிசோதனை அத்தகையதன்று. இரத்தத்திலே ஓடும் சீனி, சிவப்பணுக்களில் உள்ள ஈமோகுளோபின் என்னும் பொருளோடு ஒட்டிக்கொள்கின்றது. சிவப்பணுவின் ஆயுள் ஏறக்குறைய 120 நாட்கள். ஆகவே எவ்வளவு சீனி ஒட்டியுள்ளது என்று பார்த்தால், கடந்த இரண்டு மூன்று மாதங்களின் சராசரி நிலை தெரிந்துவிடும். இந்த அளவு 6.5 வீதம் அல்லது அதற்கு மேலிருந்தால் நீரிழிவு என்று கொள்வர். நோயாளர் பலருக்கு 7 வீதத்துக்குக் கீழே வைத்திருப்பதை இலக்காகக் குறிப்பர். முதியோருக்குச் சற்றுத் தளர்த்துவர். ஆனால் இப்பரிசோதனை எல்லாக் கிளினிக்குகளிலும் ஒவ்வொரு முறையும் செய்யப்படுவதில்லை. காலை இரத்தம் ஒன்றையே பார்க்கும் நாளில், தபாலதிபரின் துறவை மெய்யென்று நம்பும் வைத்தியர், மாற்றவேண்டிய மருந்தை மாற்றாது விடுகின்றார். அடுத்த மூன்று மாதமும் அவருடைய கண்ணுக்கும் சிறுநீரகத்துக்கும் பாதுகாப்பின்றியே கழிகின்றன.

இஃது ஒருவகை மறைப்பு. இதனினும் கொடிய மறைப்பு ஒன்று உண்டு. அது நம் பண்பாட்டின் பெயரால் நிகழ்வது. “எப்படி இருக்கிறீர்கள்?” என்று யார் கேட்டாலும் “சுகமாக இருக்கின்றோம்” என்று கூறுவதே நாம் சிறு வயதிலிருந்து பயின்ற மரியாதை. காய்ச்சலிற் கிடந்தாலும், கடனில் மூழ்கினாலும், அந்த மறுமொழி மாறுவதில்லை. நம் பெரியம்மா ஒருவர் இந்த மரியாதையில் மிகச் சிறந்தவர். ஓராண்டு ஊர்க்கோயில் தேர்த்திருவிழாவன்று, நண்பகல் வெயிலிலே, சுடுமணல் வீதியை வெறுங்காலோடு வலம் வந்தார். உள்ளங்காலிற் கொப்புளம் எழுந்தது. அது அவருக்கு நோகவில்லை. நெடுங்காலம் சீனி மிகுந்திருந்தால் கால் நரம்புகள் மரத்துப்போகும் என்பதும், நோகாத புண்ணே ஆபத்தான புண் என்பதும் அவருக்குத் தெரியா. பழந்துணியாற் சுற்றிச் சேலைக்கரையால் மறைத்துக்கொண்டார். அடுத்த கிளினிக்கிலே இளம் வைத்தியர், “எப்படி அம்மா இருக்கிறீங்கள்?” என்று கேட்டார். “சுகமா இருக்கிறன், ராசா” என்றார் பெரியம்மா. அதற்கடுத்த கிளினிக்கிலும் அதே வினா, அதே விடை. மூன்றாம் முறை, பக்கத்தில் நின்ற தாதி ஒருவர் நாற்றத்தால் ஐயுற்றுத் துணியை அவிழ்த்தார். பெரியம்மாவின் வலக்காற் பெருவிரலை அகற்ற வேண்டியதாயிற்று. வைத்தியசாலைக் கட்டிலருகே நாம் நின்றபோது அவர் கூறிய சொற்கள் இன்றும் நம் செவியில் ஒலிக்கின்றன: “அந்தத் தம்பி சீனியைப் பற்றித்தானே கேட்டது. காலைப் பற்றிக் கேக்கேல்லையே.”

ஆம், கேட்கவில்லை. ஐந்து நிமிடத்தில் எல்லாவற்றையும் கேட்க ஒருவராலும் இயலாது. ஆகையாற்றான் கேளாமலே சொல்லவேண்டியவற்றை முந்திய இரவே எழுதி வைத்துக்கொள்ள வேண்டும் என்கின்றோம். இதற்குப் பெரிய செலவில்லை. பள்ளிப் பிள்ளையின் பழைய கொப்பியில் எஞ்சிய தாள்கள் போதும்.

கொப்பியில் முதலாவதாக இடம்பெற வேண்டியது வீட்டிலே பார்த்த சீனியின் அளவு. திகதியோடு, உணவுக்கு முன்னா பின்னா என்பதையும் குறித்தல் வேண்டும். நல்ல இலக்கங்களை எழுதிக் கெட்ட இலக்கங்களை விட்டுவிடுவோர் உளர். கெட்ட இலக்கமே வைத்தியருக்கு வழிகாட்டும். கலியாண வீட்டுக்குப் போன நாளில் 280 என்று வந்தால், “கலியாண வீடு” என்று பக்கத்திலே எழுதினாற் போதும்; அவர் புரிந்துகொள்வார். பரிசோதனைக் கருவி இல்லாத வீடுகளும் பல. அவர்கள் உடம்பு கூறியதை எழுதலாம். இரவில் எத்தனை முறை சிறுநீர் கழிக்க எழுந்தோம், நிறை குறைந்ததா கூடியதா, கால் விறைத்ததா எரிந்ததா, பார்வை மங்கிற்றா என்பனவெல்லாம் வைத்தியருக்கு வேண்டிய செய்திகளே.

இரண்டாவது, சீனி தாழ்ந்த வேளைகள். திடீரென வியர்த்தல், கை நடுங்குதல், நெஞ்சு படபடத்தல், பெரும் பசி, தடுமாற்றம் ஆகியவை அதன் அறிகுறிகள். “தேத்தண்ணி குடிக்கச் சரியாப் போச்சு” என்று இதனை மறந்துவிடுவது வழக்கம். அவ்வாறு எத்தனை முறை, எந்நேரத்தில் நிகழ்ந்தது என்பது, மருந்தின் அளவைக் கூட்டுவதா குறைப்பதா என்று தீர்மானிக்கும் வைத்தியருக்குப் பெரிதும் வேண்டப்படுவது.

மூன்றாவது, எடுக்காமல் விட்ட மருந்து. இதனை எழுதுவதற்கு மனம் கூசும். ஆயினும் இதிலேதான் உயிர் தொங்குகின்றது. வாரத்தில் மூன்று நாள் குளிசை விழுங்காத ஒருவர், ஏழு நாளும் விழுங்கியதாகக் கூறுகின்றார் என்று வைத்துக்கொள்வோம். இரத்தத்திலே சீனி குறையவில்லை. மருந்து போதாது என்று கருதி வைத்தியர் அளவைக் கூட்டுகின்றார். பின்னொரு நாள் கொழும்பிலிருந்து மகள் வந்து நின்று, எழுதியபடி ஒன்றும் தவறாமற் கொடுக்கின்றாள். தேவைக்கு மிஞ்சிய மருந்து உடம்பிற் சேர, நள்ளிரவில் அவர் நினைவிழக்கின்றார். ஈண்டுத் தவறியவர் வைத்தியருமல்லர், மகளுமல்லள். சொல்லாத ஒரு சொல்லே அந்த நிலைக்குக் காரணம்.

மருந்தை விடுவதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பல் அன்று. மெற்போமின் சிலருக்கு வயிற்றைக் குழப்பும். உணவோடு எடுத்தால் அல்லது வேறு வகைக் குளிசைக்கு மாற்றினால் அக்குறை தணியலாம். இன்னும் சிலருக்கு ஊசியில் அச்சம். வேறு சிலருக்கோ பணமில்லை. 2022ஆம் ஆண்டு நாடு பொருளாதார நெருக்கடியில் வீழ்ந்து மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, வெளியே வாங்க வழியின்றிக் குளிசையைப் பாதியாக்கி விழுங்கியோரை நாம் அறிவோம். இவற்றுள் எதுவும் வெட்கத்துக்கு உரியதன்று. காரணம் தெரிந்தால் வைத்தியர் வழி காண்பார். தெரியாவிடின் அளவைக் கூட்டுவதைத் தவிர அவர் வேறு யாது செய்வார்?

நான்காவது, வைத்தியர் தராத மருந்துகள். நம் வீடுகளில் வெந்தயம் உண்டு. பாவற்காய்ச் சாறு உண்டு. கொத்தல ஹிம்புட்டு மரத்தைக் குடைந்து செய்த குவளையும் உண்டு. இரவிலே அக்குவளையில் நீரூற்றி வைத்துக் காலையில் அருந்துவர். இதனைக் கேட்டால் வைத்தியர் நகைப்பார் என்று எண்ணி மறைக்கின்றனர். மாப்பொருள் சீனியாக மாறுவதைத் தாமதிக்கும் பொருள்கள் அம்மரத்தில் உண்டென ஆய்வாளர் கண்டுள்ளனர். அதற்கு வலிமை உண்டு என்பதாலேயே மறைக்கலாகாது என்கின்றோம். குளிசையும் குவளையும் சேர்ந்து சீனியை மிகத் தாழ்த்திவிடக் கூடும்.

நிற்க, மருந்துகளைப் பெயரால் அறியாதோர் “அந்த வெள்ளைக் குளிசை” என்று கூறுவர். நீரிழிவுக் குளிசை வெள்ளை. இரத்த அழுத்தக் குளிசையும் வெள்ளை. காய்ச்சற் குளிசையும் வெள்ளையே. ஆதலால் வீட்டிலுள்ள எல்லா மருந்துகளையும், அவை இருந்த உறைகளோடும் அட்டைகளோடும், ஒரு பையிலிட்டுக் கொண்டுசெல்லுதல் நன்று. அரசாங்கக் கிளினிக்கில் ஒரு பெயரிலும் தனியார் வைத்தியரிடம் வேறொரு வணிகப் பெயரிலும் ஒரே மருந்தை இருமுறை வாங்கி விழுங்கியோர் உளர். மேசைமேற் பையைக் கவிழ்த்தால் அது ஒரு நொடியில் வெளிப்பட்டுவிடும்.

கொப்பியின் கடைசித் தாள் வினாக்களுக்கு உரியது. மூன்றுக்கு மேல் வேண்டாம். முதன்மையானது முதலில் வரட்டும். நாம் வாங்கிலிருந்து பலமுறை கண்ட காட்சி ஒன்றுண்டு. நோயாளர் கதிரையை விட்டெழுந்து, திரைச்சீலையை விலக்கியபின் திரும்பி, “இன்னுமொன்று டொக்டர், நெஞ்சு கொஞ்சம் நோகுது” என்பார். அதற்குள் அடுத்த இலக்கத்தார் கதிரையில் அமர்ந்திருப்பார். கடைசியாகச் சொல்லத் துணிந்ததே முதலிற் சொல்லியிருக்க வேண்டியது.

விரதம் பிடிப்போர் அதனையும் வினாக்களிற் சேர்த்துக்கொள்ளல் வேண்டும். கந்தசட்டி ஆறு நாளும் உபவாசம் இருப்போரும், கேதாரகௌரி விரதம் 21 நாள் நோற்போரும் நம்மிடையே பலர். நம் முஸ்லிம் சகோதரருக்கு றமழான் நோன்பு உண்டு. உணவு நேரம் மாறினால் குளிசையும் ஊசியும் மாறவேண்டும். சிலர் நோற்காமலே இருத்தல் நலமாகவும் கூடும். இதனை விரதம் தொடங்கிய பின்னரன்றி, முந்திய கிளினிக்கிலேயே பேசித் தீர்க்கலாம். முருகனோடு வழக்காட எந்த வைத்தியரும் வரமாட்டார். உயிரோடு நோன்பை நிறைவேற்றும் வழியையே அவர் கூறுவார்.

இனி, கிளினிக் நாட் காலையைப் பற்றிச் சில சொற்கள். வெறுவயிற்று இரத்தப் பரிசோதனைக்கு எட்டு மணித்தியாலமேனும் உண்ணாதிருத்தல் வேண்டும், தண்ணீர் அருந்தலாம். எச்.பி.ஏ.1சி. பரிசோதனைக்கு வெறுவயிறு தேவையில்லை. எந்தப் பரிசோதனை என்று முன்னரே கேட்டறியாமல், எல்லா நாளும் பட்டினியோடு செல்வோரைக் காண்கின்றோம். வெறுவயிற்றோடு போகும் நாளில், உணவோடு எடுக்கவேண்டிய குளிசையையோ இன்சுலினையோ வீட்டில் எடுத்துவிட்டுப் புறப்படுவது ஆபத்து. அன்றைய மருந்தை எவ்வாறு எடுப்பது என்பதை முந்திய கிளினிக்கிலேயே வைத்தியரிடம் கேட்டு வைத்தல் வேண்டும். மலைநாட்டுத் தோட்டமொன்றிலிருந்து விடியுமுன் இறங்கிப் பஸ் பிடித்து வருபவர், இரத்தம் கொடுக்கும்போது பத்து மணியாகிவிடலாம். அவர் கையில் உணவுப் பொதியும், மருந்தும், சிறிது சீனியும் இருத்தல் வேண்டும். முன்கூறிய வியர்வையும் நடுக்கமும் தோன்றினால், அல்லது கருவி 70 மில்லிகிறாமுக்குக் குறைவாகக் காட்டினால், பரிசோதனை கெட்டுவிடுமென்று பொறுத்திருத்தலாகாது. மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரிற் கரைத்து உடனே குடித்து, 15 நிமிடத்தின் பின் மீண்டும் பார்க்கவேண்டும். பரிசோதனையை இன்னொரு நாளும் செய்யலாம்.

காலைக் கழுவித் துடைத்து, விரலிடுக்குகளையும் உள்ளங்காலையும் பார்த்துக்கொண்டு புறப்படுக. உள்ளங்கால் தெரியாதோர் தரையிலே ஒரு கண்ணாடியை வைத்துப் பார்க்கலாம். எளிதிற் கழற்றக்கூடிய பாதணி அணிந்து சென்றால், “காலையும் ஒருமுறை பாருங்கள்” என்று கேட்பது எளிதாகும். மெல்லிய நைலோன் இழையொன்றைப் பாதத்திற் சற்றே அழுத்தி உணர்ச்சி உண்டா என்று அறியும் பரிசோதனை ஒன்றுண்டு. அதற்கு ஓரிரு நிமிடமே பிடிக்கும். ஆண்டுக்கொரு முறையேனும் அதைச் செய்வித்தல் வேண்டும். பெரியம்மாவின் விரலைக் காத்திருக்கக் கூடியது அந்தச் சிறு இழை. அவ்வாறே ஆண்டுதோறும் கண்ணின் விழித்திரையையும், சிறுநீரில் அல்புமின் கசிகின்றதா என்பதையும் பார்ப்பித்தல் வேண்டும். கண் பரிசோதனைக்குத் துளிமருந்து விட்டால் சில மணித்தியாலம் பார்வை மங்கலாயிருக்கும். அன்று மோட்டார்ச் சைக்கிளில் தனியே போகாது, துணையோடு போதல் வேண்டும்.

துணை என்றதும் மாணவர்களுக்கு ஒன்று கூற விழைகின்றோம். அம்மம்மாவின் கொப்பியை அழகான கையெழுத்தில் எழுதிக்கொடுக்க உங்களால் இயலும். வைத்தியரின் மொழி சிங்களமாயிருந்தால், இடையில் நின்று பெயர்த்துரைக்கவும் இயலும். ஆனால் அவர் வாய்திறக்குமுன் அவருக்காக நீங்கள் விடை கூறற்க. “டொக்டர், இவ பொய் சொல்லுறா, நேற்றும் லட்டு சாப்பிட்டவ” என்று பலர் முன்னிலையிற் காட்டிக்கொடுத்தலும் வேண்டாம். ஒருமுறை நாணப்பட்ட முதியவர் அடுத்த முறை இன்னும் திறமையாக மறைப்பார். வைத்தியர்களுக்கும் இதுவே நம் பணிவான விண்ணப்பம். ஏசப்பட்ட நோயாளி திருந்துவதிலும் பார்க்க வாய்மூடிப் போவதே அதிகம்.

ஒரு கொப்பிக்கும் ஒரு பைக்கும் இவ்வளவு வலிமை உண்டோ என்று சிலர் ஐயுறக் கூடும். கனடாவின் ரொறன்ரோ நகரிலே, 1922ஆம் ஆண்டு சனவரி மாதம், லெனாட் தொம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாக இன்சுலின் ஊசி ஏற்றப்பட்டது. அதற்கு முன்னர் அவ்வகை நீரிழிவு கண்ட பிள்ளைகளுக்கு அரைப்பட்டினி போட்டுச் சாவைச் சிறிது தள்ளிவைப்பதே சிகிச்சையாயிருந்தது. அன்று சாகும் நிலையிற் கிடந்த அச்சிறுவன் பின்னும் 13 ஆண்டுகள் வாழ்ந்தான். மருந்து கிடைத்துவிட்டது, அதைச் செவ்வையாகப் பயன்படுத்தினால் எவ்வளவு நன்மை என்பது பின்னரே அளக்கப்பட்டது. பிரித்தானியாவிலே 1977இல் தொடங்கி, 5,000க்கு மேற்பட்ட நோயாளரைச் சேர்த்து, 1998இல் முடிவு வெளியிடப்பட்ட பேராய்வு அதனைக் காட்டிற்று. தீவிர சிகிச்சை பெற்றோரின் எச்.பி.ஏ.1சி. அளவு 7.0, வழக்கமான சிகிச்சை பெற்றோருக்கு 7.9. ஒரு வீதமும் நிறையாத இந்த வேறுபாட்டினால், கண், சிறுநீரகம் முதலியவற்றின் நுண்குழாய்களைத் தாக்கும் கேடுகள் காற்பங்கு குறைந்தன. அந்தச் சிறு வேறுபாட்டை எட்டுவதற்கு மருந்தைச் சிறிது சிறிதாகக் கூட்டியும் குறைத்தும் பார்க்க வேண்டும். உண்மை நிலை தெரியாத வைத்தியர் அதனை எதைக் கொண்டு செய்வார்?

கடைசியாக ஒன்று. கிளினிக் முடிந்ததும் வீட்டுக்கு ஓடிவிடாது, மருந்து கொடுக்கும் யன்னலருகே நின்று, துண்டை ஒருமுறை வாசித்தல் வேண்டும். எந்த மருந்து மாறியது, எப்போது விழுங்குவது, அடுத்த திகதி எது என்பவற்றை அங்கேயே கேட்டுக் கொப்பியில் எழுதிக்கொண்டால், வீட்டிற்போய் அயலவரிடம் விளக்கம் கேட்க வேண்டியதில்லை. இன்சுலின் பெறுவோர், வெயிலிற் கெடாதபடி குளிர்ந்த போத்தலொன்றைக் கொண்டுசெல்வர். மருந்து பனிக்கட்டியோடு நேரே படாதபடி பார்த்துக்கொள்ளவும் வேண்டும்.

நாளை கிளினிக் உள்ள வாசகர் எவரேனும் இதனை வாசிப்பாராயின், இன்றிரவே கொப்பியையும் மருந்துப் பையையும் எடுத்துக் கதவோரம் வைப்பாராக. இராச்சாப்பாட்டை வழக்கம்போல உண்பாராக. நாளைக்கென்று ஒரு புதிய துறவு வேண்டாம். வைத்தியர், “எப்படி இருக்கிறீர்கள்?” என்று கேட்கும்போது, “சுகம்” என்னும் சொல்லைச் சற்று நிறுத்திவைத்து, கொப்பியைத் திறந்து முதல் வரியிலிருந்து வாசிப்பாராக. சுகம் விசாரிக்க உறவினர் பலர் உண்டு. அவர்களுக்கு அந்த மறுமொழி போதும்.